தலைவலிக்கு முன் கண்ணில் தெரிந்தது என்ன?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று வயதில் ஒரு குழந்தை இருக்கிறது. இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு அடுத்த குழந்தை வேண்டாம் என்று முடிவு செய்து, ஒன்றரை ஆண்டாகக் கருத்தடை மாத்திரை எடுத்து வருகிறேன். 21 நாள் மாத்திரை, பிறகு 7 நாள் இடைவெளி. கல்லூரி நாள்களிலிருந்தே மாதவிலக்கை ஒட்டி எனக்கு ஒற்றைத் தலைவலி வரும். அம்மாவுக்கும் உண்டு. மாத்திரை தொடங்கிய பின், மாத்திரை இல்லாத வாரத்தின் இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ அது தவறாமல் வந்துவிடுகிறது. கடந்த நான்கு மாதங்களில் மூன்று முறை, தலைவலி தொடங்குவதற்கு முன் கண்முன்னே வளைந்து வளைந்து மின்னும் கோடு ஒன்று தெரிந்தது. அரை மணி நேரத்தில் மறைந்துவிட்டது. கண் மருத்துவர் பரிசோதித்துவிட்டுக் குறை ஏதும் இல்லை என்றார். வலிக்கு மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறேன். எல்லாவற்றுக்கும் கருத்தடை மாத்திரைதான் காரணம், நிறுத்திவிடு என்கிறார் மாமியார். நிறுத்தினால் கரு தங்கிவிடுமோ என்று எனக்குப் பயம். இந்த மாத்திரைக்கும் தலைவலிக்கும் உண்மையிலேயே தொடர்பு உண்டா? நான் என்ன செய்ய வேண்டும்?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன், விளக்கம் பிறகு. இப்போது எடுத்துவரும் மாத்திரையை இன்றோடு நிறுத்திவிடுங்கள். அட்டையில் எத்தனை மீதம் இருந்தாலும் முடிக்க வேண்டியதில்லை. இன்றிலிருந்தே ஆணுறை பயன்படுத்துங்கள். இந்த வாரத்துக்குள் ஒரு மகளிர் நல மருத்துவரைப் பார்த்து, கண்முன் மின்னிய அந்தக் கோட்டைப் பற்றி முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். புதிய அட்டை தொடங்கிய முதல் வாரத்தில் நீங்கள் இருந்து, சமீபத்தில் உறவும் இருந்திருந்தால் கரு தங்க வாய்ப்பு உண்டு. அப்படியானால் வாரக் கடைசிவரை காத்திருக்காமல் இன்றோ நாளையோ போய்விடுங்கள். லெவோநார்ஜெஸ்ட்ரெல் என்ற அவசரக் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் என்ற பெண் ஹார்மோன் கிடையாது. உங்களுக்கு அது தடையில்லை.

நீங்கள் மாத்திரையின் பெயரை எழுதவில்லை. ஆனாலும் 21 நாள், 7 நாள் இடைவெளி என்ற கணக்கைப் பார்த்தால், அது ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டோஜென் என்ற இரண்டு வகை ஹார்மோன்கள் கலந்த மாத்திரைதான். அட்டையின் பின்பக்கம் திருப்பிப் பாருங்கள். 'எத்தினைல் எஸ்ட்ராடையால்' என்று பொடி எழுத்தில் அச்சாகியிருக்கும். அதுதான் ஈஸ்ட்ரோஜென். என் கவலையெல்லாம் அந்த ஒரு பெயரைப் பற்றியது. தோலில் ஒட்டும் கருத்தடைப் பட்டையிலும், பிறப்புறுப்புக்குள் வைக்கும் வளையத்திலும் ஈஸ்ட்ரோஜென் உண்டு. முகப்பரு என்றும், சினைப்பை நீர்க்கட்டி என்றும், மாதவிலக்கு ஒழுங்காக வரவில்லை என்றும் எழுதித் தரப்படும் மாத்திரைகள் பலவற்றிலும் அது உண்டு. "கருத்தடை மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று கேட்டால், அவற்றை எடுக்கும் பெண்கள் நேர்மையாகவே "இல்லை" என்கிறார்கள். பருவுக்கு எடுக்கும் மாத்திரையை யார் கருத்தடை மாத்திரை என்று நினைப்பார்கள்?

இனி அந்தக் கோட்டுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் மிக முக்கியமான வரி அதுதான். ஆனால் நீங்கள் அதைத் தலைவலிக்கு முன்னால் நடந்த ஒரு சில்லறை விஷயம்போல எழுதிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. பெரும்பாலானவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள், பலர் சொல்வதே இல்லை. கண்ணில் தெரிந்ததால் கண்ணின் கோளாறு என்று எண்ணிக் கண் மருத்துவரிடம் போகிறார்கள். அவர் கண் நன்றாக இருக்கிறது என்றதும் நிம்மதியாக மறந்துவிடுகிறார்கள். அவர் சொன்னதும் சரிதான். கண் நன்றாகத்தான் இருக்கிறது. அந்தக் கோடு கண்ணில் பிறக்கவில்லை, மூளையின் பின்பகுதியில், பார்வையை உணரும் புறணியில், அதாவது மூளையின் மேலடுக்கில், பிறக்கிறது.

மருத்துவத்தில் இதற்கு ஆரா என்று பெயர். மைக்ரேன் எனப்படும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களில் ஏறக்குறைய நாலில் ஒருவருக்கு, அல்லது அதைவிடச் சற்று அதிகமானோருக்கு இது வருகிறது. எப்படி வரும் என்று சொல்கிறேன், உங்கள் அனுபவத்தோடு ஒத்துப் பாருங்கள். ஏதோ படித்துக்கொண்டிருப்பீர்கள். ஒரு சொல்லின் நடு எழுத்துகள் காணாமல் போகும். 'மருத்துவர்' என்ற சொல்லில் 'ம' தெரியும், கடைசி 'ர்' தெரியும், இடையில் ஒன்றும் இராது. கண்ணைக் கசக்கினாலும் அந்த ஓட்டை போகாது. சில நிமிடங்களில் அதன் விளிம்பில் கோணல் கோணலாக ஒரு கோடு மினுங்கத் தொடங்கும். வாள் பல்போல, கோட்டைச் சுவரின் முனைகள்போல. அது பிறைநிலாவாக வளைந்து, மெல்ல மெல்லப் பெரிதாகி, பார்வையின் ஒரு பக்கமாக நகர்ந்து ஓரத்தில் கரைந்துபோகும். ஐந்து நிமிடத்துக்குக் குறையாது, பெரும்பாலும் ஒரு மணி நேரத்தைத் தாண்டாது. பிறகு, உடனேயோ சற்று நேரம் கழித்தோ, தலைவலி தொடங்கும். சிலருக்குக் கோடு தெரியாது. விரல் நுனியில் தொடங்கும் மதமதப்பு கை வழியாக ஏறி, உதட்டுக்கும் நாக்குக்கும் வந்து சேரும். சிலருக்குச் சொல்ல நினைக்கும் வார்த்தை வாயில் வராது. இவையும் ஆராதான்.

அடுத்த முறை வந்தால் ஒன்று செய்யுங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மறு கண்ணை மூடிப் பாருங்கள். எந்தக் கண்ணை மூடினாலும் கோடு தெரிந்தால் அது மூளையிலிருந்து வருவது. ஒரே ஒரு கண்ணில் மட்டும் தெரிந்தாலோ, பார்வை திடீரென்று திரை விழுந்ததுபோல் இருண்டாலோ அது வேறு விஷயம். அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். எழுந்து நிற்கும்போது கண் இருட்டுவது, தலை வலிக்கும்போது வெளிச்சம் கூசுவது, கண்முன் பூச்சி பறப்பது, பார்வை பொதுவாக மங்குவது ஆகியவற்றைப் பலர் ஆரா என்று எண்ணிப் பயந்துபோய் வருகிறார்கள். அவை ஆரா அல்ல. மெதுவாக வளர்வதும், ஒரு பக்கமாக நகர்வதும், ஒரு மணி நேரத்துக்குள் மறைவதும்தான் ஆராவின் அடையாளம்.

அந்த நகர்வுக்குக் காரணம் இருக்கிறது. 1870இல் ஹூபர்ட் ஏரி என்ற ஆங்கில மருத்துவர், தமக்கு வந்த ஆரா எப்படி விரிகிறது என்று படிப்படியாக வரைந்து வெளியிட்டார். இன்றும் நோயாளிகளிடம் அந்தப் படத்தைக் காட்டினால் "இதேதான்!" என்கிறார்கள். 1941இல் கார்ல் லாஷ்லி என்ற உளவியலாளர், தம் கண்முன் நகர்ந்த கோட்டின் வேகத்தை அளந்து, மூளைப் புறணியில் ஏதோ ஒன்று நிமிடத்துக்கு 3 மில்லிமீட்டர் வீதம் நகர்கிறது என்று கணித்தார். மூன்று ஆண்டுகள் கழித்து, பிரேசில் நாட்டைச் சேர்ந்த அரிஸ்டிடிஸ் லியாவ் முயலின் மூளையில் அதே அளவு மெதுவாகப் பரவும் ஒரு மின் அலையைக் கண்டுபிடித்தார். நரம்புச் செல்கள் முதலில் பரபரத்துப் பிறகு அடங்கிப்போக, அந்த அடக்கம் குளத்தில் கல்லெறிந்த அலைபோலப் பரவுகிறது. நீங்கள் பார்த்தது அந்த அலை உங்கள் பார்வைப் புறணியைக் கடந்துபோனதைத்தான்.

இப்போது உங்கள் கேள்விக்கு வரலாம். மாத்திரைக்கும் தலைவலிக்கும் தொடர்பு உண்டா? உண்டு. ஒன்றல்ல, இரண்டு தொடர்புகள் உண்டு. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புவதால்தான் வீட்டிலும் சில நேரம் மருத்துவமனையிலும் தவறான அறிவுரை கிடைக்கிறது.

முதல் தொடர்பு, இடைவெளி வாரத்தில் உங்களுக்கு வரும் வலி. ஈஸ்ட்ரோஜென் அளவு ரத்தத்தில் சரேலென்று இறங்கும்போது மைக்ரேன் தூண்டப்படுகிறது. மாதவிலக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து, தொடங்கிய மூன்றாம் நாள்வரை பல பெண்களுக்குத் தலைவலி வருவது இதனால்தான். 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவில் பிரையன் சோமர்வில் என்ற மருத்துவர் எளிய சோதனை ஒன்றைச் செய்தார். மாதவிலக்குக்குச் சற்று முன் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோனைக் கொடுத்தபோது உதிரப்போக்கு தள்ளிப்போயிற்று, தலைவலியோ பெரும்பாலோருக்கு வழக்கமான நாளில் வந்தது. ஈஸ்ட்ரோஜென் ஊசி போட்டபோது உதிரப்போக்கு வழக்கமான நாளில் வந்தது, தலைவலி தள்ளிப்போயிற்று. தலைவலியின் கயிறு எந்த ஹார்மோனின் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விடை வேண்டுமா?

உங்கள் மாத்திரையிலும் அதுவே நடக்கிறது. 21 நாள் ஒரே அளவில் ஈஸ்ட்ரோஜென் கிடைக்கிறது. 22ஆம் நாள் நின்றுவிடுகிறது. ஓரிரு நாளில் வலி. அந்த இடைவெளியில் வரும் உதிரப்போக்கு உண்மையான மாதவிலக்குகூட அல்ல. மருந்து நின்றதால் கருப்பையின் உள்சவ்வு உதிர்வதுதான் அது. மாத்திரையை 1950களில் உருவாக்கியவர்கள், பெண்களுக்குப் பழகிய மாதக் கணக்கு மாறாமல் இருக்கட்டும் என்று அந்த இடைவெளியை வைத்தார்கள். உடலுக்கு அது கட்டாயம் தேவை என்பதற்கு மருத்துவக் காரணம் இல்லை. ஆகவே ஆரா இல்லாத, இடைவெளி வாரத்தில் மட்டும் தலைவலி வருகிற, 35 வயதுக்கு உட்பட்ட, புகைப்பழக்கமும் ரத்தக்கொதிப்பும் இல்லாத ஒரு பெண்ணுக்கு, மருத்துவர் மேற்பார்வையில் இடைவெளியைச் சுருக்கியோ, இரண்டு மூன்று அட்டைகளை இடைவிடாமல் தொடர்ந்தோ எடுக்கச் சொல்லலாம். பலருக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது. இந்த வரியைப் படித்துவிட்டு, "எனக்கும் இடைவெளியில்தானே வலி, நானும் தொடர்ந்து எடுத்துவிடுகிறேனே" என்று நீங்கள் முடிவு செய்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் முதலிலேயே நிறுத்தச் சொன்னேன். அந்த வழி ஆரா இல்லாதவர்களுக்கு மட்டும் உரியது.

இரண்டாவது தொடர்பு அந்த மின்னும் கோடு. ஈஸ்ட்ரோஜென் இறங்கும்போது வலி வருகிறது என்றேன். அது உயர்ந்து நிற்கும்போது நரம்புச் செல்கள் எளிதில் கிளர்ந்து, நான் சொன்ன அலை சுலபமாகத் தொடங்குகிறது. அதனால்தான் சில பெண்களுக்குக் கர்ப்ப காலத்தில் முதன்முறையாக ஆரா வருகிறது, சிலருக்குக் கருத்தடை மாத்திரை தொடங்கிய பின் வருகிறது. ஒன்றரை ஆண்டுக்கு முன் இல்லாத ஆரா இப்போது மூன்று முறை வந்திருக்கிறது என்றால், அதை மாத்திரையோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இதில் கவலைப்பட என்ன இருக்கிறது? பக்கவாதம். ஆராவோடு கூடிய மைக்ரேன் உள்ள பெண்களுக்கு, ரத்தக்குழாய் அடைப்பால் வரும் பக்கவாத வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறத்தாழ இரண்டு மடங்கு. மாத்திரையில் உள்ள ஈஸ்ட்ரோஜென் கல்லீரலைத் தூண்டி, ரத்தம் உறைவதற்கான புரதங்களைக் கூடுதலாகச் சுரக்க வைக்கிறது. இரண்டும் ஒருவரிடமே சேரும்போது ஆபத்து கூட்டலாக ஏறுவதில்லை, அதைவிட வேகமாக ஏறுகிறது. ஐரோப்பாவின் தலைவலி மருத்துவ அமைப்பும் கருத்தடை மருத்துவ அமைப்பும் 2017இல் கூட்டாக வெளியிட்ட அறிக்கையில் ஒரு மதிப்பீடு இருக்கிறது. 20 முதல் 44 வயதுவரை உள்ள பெண்களில், மைக்ரேனும் இல்லாமல் ஹார்மோன் கருத்தடையும் இல்லாமல் இருப்பவர்களை எடுத்துக்கொண்டால், ஆண்டுக்கு லட்சம் பேரில் இரண்டு மூன்று பேருக்கு இந்தப் பக்கவாதம் வருகிறது. ஆரா உள்ளவர்களில் சுமார் 6 பேர். ஆராவும் இருந்து ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடையும் எடுப்பவர்களில் சுமார் 37 பேர்.

இந்த எண்ணை இரண்டு விதமாகவும் பார்க்கச் சொல்வேன். லட்சத்தில் 37 என்றால், மீதி 99,963 பேருக்கு அந்த ஆண்டில் ஒன்றும் நேர்வதில்லை. ஆகவே நேற்றுவரை மாத்திரை எடுத்துவிட்டோமே என்று இன்றிரவு தூக்கம் கெட வேண்டாம். அதே நேரம், இரண்டு மூன்றாக இருக்க வேண்டியது 37 ஆவதைச் சிறிய விஷயம் என்று தள்ளவும் முடியாது. முப்பது வயதில் வரும் பக்கவாதம் கையையும் பேச்சையும் பறித்துக்கொண்டு போனால், அவற்றை முழுதாகத் திரும்பப் பெறுவோம் என்ற உறுதி இல்லை. இதற்கு ஈடான கருத்தடை வழிகள் வேறு இல்லை என்றால் யோசிக்கலாம். இத்தனை வழிகள் இருக்கும்போது அந்த ஆபத்தை ஏன் சுமக்க வேண்டும்? உலக சுகாதார நிறுவனம் ஒவ்வொரு கருத்தடை முறையையும் யார் யாருக்குத் தரலாம் என்று ஒன்றிலிருந்து நான்குவரை வகுத்திருக்கிறது. ஒன்று என்றால் தடையே இல்லை, நான்கு என்றால் தரவே கூடாது. ஆராவுடன் கூடிய மைக்ரேனுக்கு ஈஸ்ட்ரோஜென் கலந்த மாத்திரை, எந்த வயதானாலும், நான்காம் வகை.

இந்தக் கணக்குகளில் ஒரு பகுதி ஈஸ்ட்ரோஜென் அதிகமாக இருந்த பழைய மாத்திரைகளின் காலத்தைச் சேர்ந்தது என்றும், இன்றைய 20 மைக்ரோகிராம் மாத்திரைகளில் ஆபத்து குறைவாகவே இருக்கும் என்றும் நரம்பியல் மருத்துவர்கள் சிலர் வாதிடுகிறார்கள். அதில் நியாயம் இருக்கலாம். 1960இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற முதல் கருத்தடை மாத்திரையில் ஈஸ்ட்ரோஜென் வகை மருந்து 150 மைக்ரோகிராம் இருந்தது. இன்று பெரும்பாலும் 20 முதல் 35தான். ஆனாலும் அந்த வாதம் முடிவுக்கு வரும்வரை, என்னிடம் வரும் ஒரு பெண்ணை வைத்து அதைச் சோதித்துப் பார்க்க எனக்கு மனம் வராது.

ஆராவைப் பற்றி நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெண் தலைவலி என்று என்னிடம் வந்தார். ரத்த அழுத்தம் பார்த்தேன், வலி எந்தப் பக்கம் என்று கேட்டேன், வாந்தி உண்டா என்று கேட்டேன். மைக்ரேன் என்று குறித்துக்கொண்டேன். அவர் கேட்டபடி கருத்தடை மாத்திரையும் எழுதினேன். நான்காம் முறை வந்தபோது, கிளம்பிக் கதவருகே போனவர் திரும்பி, "டாக்டர், சில நாள் பேப்பர் படிக்கும்போது பாதி எழுத்து அழிந்தாற்போல் இருக்கிறது. கண்ணாடி மாற்ற வேண்டுமா?" என்று கேட்டார். உட்காரச் சொன்னேன். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, மாத்திரையை மாற்றிவிட்டோம். ஆனால் அது அவராக நினைவு வைத்துச் சொன்னதால் கிடைத்த தப்பித்தல். நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். அன்று முதல், தலைவலி என்று யார் வந்தாலும், தலைவலிக்கு முன் கண்ணில் என்ன தெரிந்தது என்பதுதான் என் முதல் கேள்வி.

அடுத்து உங்கள் பயம். மாத்திரையை நிறுத்தினால் கரு தங்கிவிடுமோ என்கிறீர்கள். நியாயமான பயம். கர்ப்பமும் பிரசவத்துக்குப் பிந்தைய வாரங்களும் ரத்தம் உறையும் வாய்ப்பைக் கூட்டுபவைதாம். ஆகவே நிறுத்திவிட்டு எந்தப் பாதுகாப்பும் இல்லாமல் இருப்பதைப் பத்திரம் என்று நினைத்துவிடக் கூடாது. உங்கள் மாமியார் உங்கள் நன்மைக்காகத்தான் சொல்கிறார், நிறுத்தச் சொன்னதும் சரி. அவர் சொல்லாமல் விட்டது, அந்த இடத்தில் எதை வைப்பது என்பது.

ஈஸ்ட்ரோஜென் இல்லாத முறைகள் எல்லாம் உங்களுக்குத் திறந்திருக்கின்றன. காப்பர் டியில் ஹார்மோனே இல்லை. தலைவலிக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது. வேண்டும்போது எடுத்துவிடலாம், எடுத்த மாதமே கருத்தரிக்கவும் கூடும். முதல் சில மாதங்கள் மாதவிலக்கில் உதிரப்போக்கும் வலியும் கூடலாம் என்பதுதான் அதன் குறை. ஏற்கெனவே அதிகமாகப் போகிறவராக இருந்தால், புரோஜெஸ்டோஜெனை மட்டும் கருப்பைக்குள் சிறிது சிறிதாக விடுவிக்கும் சாதனம் பொருந்தும். அது உதிரப்போக்கைக் குறைக்கும். கையில் தோலுக்கு அடியில் வைக்கும் குச்சியும் உண்டு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடும் ஊசியும் ஈஸ்ட்ரோஜென் இல்லாததே. ஆனால் ஊசியை நிறுத்திய பின் கருத்தரிக்கும் திறன் திரும்பப் பல மாதங்கள், சிலருக்கு ஓராண்டுகூட ஆகலாம். இரண்டு ஆண்டுகளில் அடுத்த குழந்தை என்று திட்டம் வைத்திருக்கும் உங்களுக்கு அதை நான் முதல் தேர்வாகச் சொல்ல மாட்டேன்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது என் மனத்தில் முதலில் வந்தது, டெசோஜெஸ்ட்ரெல் என்ற புரோஜெஸ்டோஜென் 75 மைக்ரோகிராம் மட்டும் உள்ள மாத்திரை. நீங்கள் மாத்திரைக்குப் பழகியவர், ஒன்றரை ஆண்டாகத் தவறாமல் எடுத்தவர். இந்த மாத்திரையில் இடைவெளி கிடையாது. தினமும் ஒன்று, அட்டை முடிந்த மறுநாளே அடுத்த அட்டை. இது கருமுட்டை வெளியாவதைத் தடுக்கிறது, ஹார்மோன் ஏறி இறங்கும் ஆட்டத்தையும் அடக்குகிறது. இதை எடுத்த மைக்ரேன் நோயாளிகளில் பலருக்குத் தலைவலி நாள்கள் குறைந்ததாகச் சிறிய ஆய்வுகள் சில சொல்கின்றன. பெரிய அளவில் இன்னும் நிறுவப்படவில்லை என்பதால் இதைத் தலைவலி மருந்து என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒரே மாத்திரை இரண்டு வேலை செய்தால் நல்லதுதானே. குறை என்ன என்றால், முதல் மூன்று நான்கு மாதங்கள் உதிரப்போக்கு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. சொட்டுச் சொட்டாகப் பல நாள் படலாம், வராமலும் போகலாம். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் பயந்துபோய் இரண்டாம் மாதமே நிறுத்திவிடுகிறார்கள். வழக்கமான நேரத்திலிருந்து 12 மணி நேரத்துக்கு மேல் தாமதமானால் பாதுகாப்பு குறையும் என்பதையும் நினைவில் வையுங்கள். தொடங்கிய முதல் ஏழு நாள் ஆணுறையையும் சேர்த்துப் பயன்படுத்துங்கள். இரண்டு மூன்று மாதம் கழித்தும் தலைவலி கூடினாலோ, ஆரா தொடர்ந்தாலோ, காப்பர் டிக்கு மாறிவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். இன்று மாத்திரையை நிறுத்தினால், ஓரிரு நாளில் உங்களுக்கு ஒரு தலைவலி வரக்கூடும். ஈஸ்ட்ரோஜென் இறங்குவதால் வரும் அதே இடைவெளி வார வலிதான் அது. "நிறுத்தியதும் இப்படி வலிக்கிறதே, மாத்திரை இருந்தபோதே தேவலை" என்று எண்ணி மீண்டும் தொடங்கிவிடாதீர்கள். அதற்குப் பிறகும் மைக்ரேன் அடியோடு போய்விடும் என்று நான் உறுதி தர முடியாது. அம்மாவிடமிருந்து வந்திருக்கிறது, கல்லூரி நாளிலிருந்தே இருக்கிறது. மாத்திரை அதை உருவாக்கவில்லை, கிளறிவிட்டது. நிறுத்தினால் கிளறுவது நிற்கும். ஆரா வருவது படிப்படியாகக் குறைய வாய்ப்பு அதிகம்.

வலிக்கு என்ன போடுகிறீர்கள் என்று எழுதவில்லை. மாதத்தில் எத்தனை நாள் போடுகிறீர்கள் என்று மட்டும் எண்ணத் தொடங்குங்கள். சாதாரண வலி மாத்திரை மாதத்தில் 15 நாளும், பல மருந்துகள் கலந்த மாத்திரையோ மைக்ரேனுக்கென்றே உள்ள டிரிப்டான் வகையோ 10 நாளும் எட்டினால், அந்த மருந்தே தினசரித் தலைவலியை வளர்க்கத் தொடங்கும். வலி அடிக்கடி வந்து, தடுப்பு மருந்து தொடங்க வேண்டிய நிலை வந்தால், கருத்தரிக்கும் வயதில் இருப்பவர் என்பதை நரம்பியல் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். தடுப்பு மருந்துகளில் ஒன்றான வால்புரோயேட் வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கடும் தீங்கு செய்யும். உங்களைப் போன்றவர்களுக்கு மைக்ரேனுக்காக அதைத் தரக் கூடாது. டோபிரமேட் என்ற இன்னொரு தடுப்பு மருந்தும் கருவைப் பாதிக்கும். அதிக அளவில் எடுத்தால் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும், டெசோஜெஸ்ட்ரெல் உட்பட. அவை இல்லாமலே தர வேறு மருந்துகள் இருக்கின்றன.

சில அறிகுறிகளுக்கு என் பதிலையோ, மருத்துவரிடம் வாங்கிய நேரத்தையோ எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கையோ காலோ திடீரென்று வலுவிழந்தால், பேச்சு குழறினால், ஆரா ஒரு மணி நேரத்தைத் தாண்டியும் நீடித்தால், வாழ்நாளில் கண்டிராத வேகத்தில் நொடியில் உச்சிக்கு ஏறும் தலைவலி வந்தால் நேராக அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நாளுக்கு நாள் கூடிக்கொண்டே போகும் தலைவலியோடு வாந்தியும் பார்வை மங்கலும் சேர்ந்தாலும் அப்படியே. மூளையின் சிரைகளில் ரத்தம் உறைந்தால் அப்படித்தான் தொடங்கும். மாத்திரையை நிறுத்திய பிறகும் சில வாரங்களுக்கு இதை மனத்தில் வைத்திருங்கள். ஒன்றரை ஆண்டு கருத்தடை மாத்திரை எடுத்தவர் என்பதை அங்கே உள்ள மருத்துவரிடம் சொல்ல உங்கள் கணவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

மருத்துவரிடம் போகும்போது பழைய மாத்திரை அட்டையையும் வலி மாத்திரை அட்டையையும் எடுத்துச் செல்லுங்கள். ரத்த அழுத்தம் பார்க்காமல் எழுந்து வராதீர்கள். கோடு தெரிந்த மூன்று நாள்களும் நினைவிருந்தால் தேதி, எவ்வளவு நேரம் இருந்தது, அது அட்டையின் எத்தனையாவது நாள் என்று ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். நினைவில்லாவிட்டாலும் பரவாயில்லை, உங்களுக்குத் தெரிந்ததை எழுதுங்கள். கோட்டின் உருவத்தையும் வரைந்து காட்டுங்கள். ஓவியம் வர வேண்டிய அவசியம் இல்லை. ஐந்து வயதுக் குழந்தை வரைந்தாற்போல் ஒரு கோணல் பிறை போதும், பார்த்தவுடன் புரிந்துகொள்வார்கள்.

அவர் ஆரா என்று உறுதி செய்துவிட்டால், ஒரு சிறு சீட்டில் எழுதிப் பணப்பையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து ஆண்டு கழித்துப் பருவுக்கோ, மாதவிலக்குக் கோளாறுக்கோ, வேறெதற்கோ ஒரு புதிய மருத்துவர் மாத்திரை எழுதும்போது எடுத்துக் காட்டலாம். அதில் இவ்வளவு இருந்தால் போதும்: "எனக்கு ஆராவுடன் கூடிய மைக்ரேன் உண்டு. ஈஸ்ட்ரோஜென் கலந்த கருத்தடை மாத்திரை, பட்டை, வளையம் எனக்குத் தர வேண்டாம்."